பாவித்த மலைத்தட மிதிவண்டி வாங்குவோர் அறிய வேண்டியவை

டொன் பள்ளத்தாக்கிலுள்ள குறோதர்ஸ் வூட்ஸ் காட்டின் மண்தடங்களில் மிதிவண்டி ஓட்டப் பழக விரும்புவோர் அதற்கெனப் புதிய வண்டி வாங்க வேண்டியதில்லை. நல்ல நிலையிலுள்ள பாவித்த வண்டியே போதுமானது. ஆயினும் விலை பேசுமுன், விற்பவர் அவ்வண்டியின் உரிமையாளர்தானா என்பதை விசாரித்தறிதல் வேண்டும். பலர் இதனைக் கேட்க மறந்துவிடுகின்றனர்.

2008 யூலையில் குயின் வீதி மேற்கில் பழைய மிதிவண்டிக் கடை நடத்திய ஒருவர் ரொறன்ரோ காவல்துறையினரால் கைதுசெய்யப்பட்டார். அவரது வசமிருந்து ஏறத்தாழ 3,000 மிதிவண்டிகள் கைப்பற்றப்பட்டன. தத்தம் வண்டிகளைத் தேடி மக்கள் திரண்டு வந்தபோதிலும், அவற்றுட் பெரும்பாலானவை உரியவர்களைச் சென்றடையவில்லை.

திருடியவரிடம் வாங்கியவர், உண்மை அறியாது வாங்கியிருப்பினும், பொதுவாக அப்பொருளுக்கு உரிமையாளர் ஆவதில்லை. உண்மையான உரிமையாளர் கோரினால் வண்டியை ஒப்படைக்க வேண்டும். கொடுத்த பணத்தை விற்றவரிடமே கேட்க வேண்டும். அவரோ பெரும்பாலும் அகப்படமாட்டார். களவுப்பொருள் என அறிந்து வாங்குவது குற்றவியற் சட்டத்தின்படி குற்றமாகும். ஐயம் எழுந்தும் வேண்டுமென்றே விசாரியாது விட்டவரை, அறிந்தே வாங்கியவராக நீதிமன்றம் கருத இடமுண்டு.

ஆகவே வண்டியைக் கவிழ்த்துப் பார்க்கவும். மிதிகளின் அச்சு செல்லும் குழாயின் அடியிலேயே தொடரிலக்கம் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். கனேடிய காவல்துறைத் தகவல் மையத்தின் இணையத்தளத்தில் அவ்விலக்கத்தைக் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். முறைப்பாடு செய்யப்படாத களவு அங்கே இராது என்பதால், விற்பவரின் பெயர், தொடரிலக்கம், விலை, திகதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பமும் பெற்றுக்கொள்க. இலக்கம் அராவப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவாயினும் அவ்வண்டி வேண்டாம்.

அடுத்து உறுப்புகள். சங்கிலியின் 12 முழு இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்காயின் பற்சில்லுகளும் தேய்ந்திருக்கக்கூடும். அச்செலவை விலையிற் குறைத்துக் கேட்பது நியாயமே. சட்டகத்தின் ஒட்டுகளில், சிறப்பாகக் கைபிடிக்குக் கீழே, மயிரிழை வெடிப்புத் தென்பட்டால் பேரம் பேசுவதில் பயனில்லை. வண்டியின் இருபுறமும் கால் வைத்து நிற்கையில் மேற்குழாய்க்கும் உடலுக்கும் இடையே சில அங்குலமேனும் இடைவெளி இருக்க வேண்டும்.

மலிவான வண்டியிற் பின்புற அதிர்வுதாங்கி இருப்பது தொடக்கநிலையினருக்குப் பாரமும் பராமரிப்புச் செலவுமே. முன்புறத்தில் மட்டும் அதிர்வுதாங்கி உள்ளதே ஏற்றது. 26 அங்குலச் சில்லு கொண்ட பழைய வண்டிகள் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காலப்போக்கு மாறியதனாலன்றிப் பழுதினாலன்று. அவற்றுக்கான ரயர்கள் இன்றும் விற்பனையிலுண்டு.

வாங்கிய அன்றே தொடரிலக்கத்தையும் வண்டியையும் படமெடுத்து, பற்றுச்சீட்டுடன் சேர்த்து வைக்கவும். மணியும், இரவில் ஓட்டுவதாயின் விளக்கும், ஒன்ராறியோச் சட்டப்படி கட்டாயம். 18 வயதுக்குட்பட்டோர் தலைக்கவசமும் அணிதல் வேண்டும்.