தேனீயைக் கொல்வது குளிர் அல்ல

பனி உருகியதும் ஆசையாகத் தேன்பெட்டியைத் திறந்தால், அடியில் செத்த தேனீக்கள் குவிந்து கிடக்கும். கனடா, நார்வே போன்ற நாடுகளில் தேனீ வளர்க்கும் பலர் கண்ட துயரம் இது. பழியையெல்லாம் பனியின் மேல் போட்டுவிடுகிறோம்.

நம்பிக்கை: குளிர் தாங்காமல் சாகின்றன.

உண்மை: நலமான கூட்டம் குளிரைத் தாங்கும். ராணியை நடுவில் வைத்துப் பந்தாகத் திரண்டு, சிறகை அசைக்காமலே பறப்பதற்கான தசைகளை நடுக்கி வெப்பம் உண்டாக்கும். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தாலும் பந்தின் நடுவே 20 டிகிரிக்கு மேல் இருக்கும். அதற்கு எரிபொருள் தேன். அது தீர்ந்தால் கதை முடிந்தது. அடுத்த எமன் ஈரம். மூச்சின் ஆவி மூடியில் நீராகிச் சொட்டித் தேனீக்களை நனைக்கும். காற்றுப் போகவே வழியில்லாமல் பெட்டியை அடைத்து வைப்பது அதனால்தான் ஆபத்து.

நம்பிக்கை: வரோவா உண்ணி தேனீயின் இரத்தத்தைக் குடிக்கிறது, குளிர் தொடங்கியபின் மருந்து வைத்தால் போதும்.

உண்மை: முதலாவது முழு உண்மை அல்ல, இரண்டாவது தவறு. உண்ணி முக்கியமாகத் தின்பது வளர்ந்த தேனீயின் கொழுப்புத் திசுவை என்று 2019இல் சாமுவேல் ராம்சி குழுவினர் காட்டினர். நமக்குக் கல்லீரல் போல, சத்தைச் சேமிப்பதும் நஞ்சை முறிப்பதும் அந்தத் திசுதான். கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீக்கு ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரம். குளிர்காலத் தேனீ ஆறு மாதம்வரை வாழ்வது இந்தக் கொழுப்பின் பலத்தால்தான். அந்தத் தேனீக்கள் புழுவாக வளர்வது ஆகஸ்ட், செப்டம்பரில். உண்ணி பெருகியிருக்கும் காலமும் அதுவே. மூடிய புழு அறைக்குள்ளேயே உண்ணியிடம் சத்தைப் பறிகொடுத்துப் பிறந்த தேனீயை நவம்பர் மருந்து மீட்காது. உண்ணி சாகும், கூட்டமும் பின்னாலேயே சாகும்.

இந்த உண்ணி ஆசியாவிலிருந்து போனது. நம் இந்தியத் தேனீ இனத்தில் அது பெரும்பாலும் ஆண் புழுக்களின் அறைகளில்தான் பெருகும்; தேனீக்களும் அதைக் கடித்து உதறிவிடும். ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது.

நம்பிக்கை: மெழுகுப் பூச்சிதான் கூட்டத்தை அழித்தது.

உண்மை: அது காலியான அடையையும் நலிந்த கூட்டத்தையும் தேடி வருவது. கூட்டம் ஏன் நலிந்தது என்று பாருங்கள்.

நம்பிக்கை: கண்ணில் படவில்லை, அதனால் உண்ணி இல்லை.

உண்மை: பெரும்பங்கு மூடிய அறைகளுக்குள் ஒளிந்திருக்கும். அரைக் கோப்பை அளவு, அதாவது சுமார் 300 தேனீக்களை, ராணி அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மாச்சர்க்கரை தூவிக் குலுக்கி, உதிரும் உண்ணிகளை எண்ண வேண்டும். நூற்றுக்கு மூன்று வந்தாலே தாமதிக்கக் கூடாது.

ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ வீட்டுத் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கிறீர்களா? பனிக்குக் காத்திராமல், ஆகஸ்ட் தொடக்கத்திலேயே எண்ணிப் பாருங்கள்.