கால் சரியானது கேப்சூலாலா?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை. முதலில் ஒரு கண் மங்கியது, அப்புறம் கால் மரத்துப்போனது. ஸ்கேன் பார்த்து ‘மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்’ என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் மஞ்சள், அமுக்கரா, சீந்தில் கலந்த கேப்சூல் கொடுத்தார். மூன்றே வாரத்தில் கால் சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிடலாமா டாக்டர்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: நிறுத்தவே வேண்டாம், அம்மா. இந்த நோய் பெரும்பாலோருக்கு வந்து வந்து போகும். ஒரு தாக்குதல் சில வாரங்களில் தானாகவே தணிவது வழக்கம். அப்போது எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். உங்கள் ஊர் வெயிலும் சேர்ந்து ஏமாற்றும். இந்த நோயில் மையலின் என்ற மேலுறை சிதைந்த நரம்பு, உடம்பு சூடேறினால் சரியாக வேலை செய்யாது. சித்திரை வெயிலில் யார்டில் நின்றால் கால் தள்ளாடும். நிழலில் உட்கார்ந்து உடம்பு தணிந்ததும் தெளியும்.

மஞ்சளில் இருக்கும் குர்குமின், இதைப் போன்ற நோயை எலிகளிடம் தணித்ததாக 2002-லேயே ஆய்வு வந்தது. மனிதர்களுக்கோ அது குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வதே சொற்பம். மீன் குழம்பு மஞ்சளை யாரும் தடுக்கவில்லை. அது மருந்தாகிவிடாது, அவ்வளவுதான்.

செடிக்கும் இந்த நோய்க்கும் உறவே இல்லை என்று சொல்லவில்லை. ஃப்யூமாரியா என்ற செடியின் பெயரைத் தாங்கியது ஃப்யூமரிக் அமிலம். அதன் வழிவந்த சேர்மங்களை ஜெர்மனியில் சொரியாசிஸுக்குக் கொடுத்துவந்தார்கள். அவற்றில் ஒன்றான டைமெத்தில் ஃப்யூமரேட்டை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்த பிறகே 2013-ல் அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதித்தது. அதுவும் ஆலையில் அளந்து செய்வது. சாப்பிடுபவர்களின் ரத்த வெள்ளணுக்களை இன்றும் அவ்வப்போது எண்ணிப் பார்க்கிறோம்.

உங்கள் துறைமுகத்தில் கப்பலேறி, ‘திருநெல்வேலி சென்னா’ என்று உலகுக்கே தெரிந்த நிலாவாரையும் நல்ல மருந்துதான். இந்நோயாளிகளைப் படுத்தும் மலச்சிக்கலுக்கு நானே எழுதித் தருவதுண்டு. நரம்பு உறைக்கு அது எதுவும் செய்யாது.

எனக்குக் கவலை சீந்திலும் அமுக்கராவும்தான். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விற்கிறார்கள். இங்கே அந்தச் சக்திதானே சொந்த நரம்பைத் தாக்குகிறது! சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் கெட்டதை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. நான் மருத்துவர்கள் பக்கம்.

கேப்சூலை நிறுத்திவிட்டு, டப்பாவோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இனி கண் மங்கினாலோ, ஒரு நாள் தாண்டியும் கால் மரத்தே இருந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.