எல்லாக் கத்திக்கும் ஒரே ஷார்ப்னர் ஆகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் காய் நறுக்கும் ஸ்டீல் கத்தி, ரொட்டி அறுக்கும் பல் கத்தி, அரிவாள்மணை இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் உள்ள மாந்தோப்பில் அரிவாளும் ஒட்டுக் கத்தியும் புழங்குகின்றன. சாணை பிடிப்பவர் தெருவுக்கு வருவது அபூர்வமாகிவிட்டது. இடுக்கில் வைத்து இழுக்கும் ஷார்ப்னர் ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமா, ஐயா?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: ஆகாதும்மா. அந்த இடுக்கில் இருப்பது பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு. அது அலகைச் சுரண்டி எடுக்கும். கோணத்தையும் மாற்ற முடியாது. மெல்லிய ஸ்டீல் கத்திக்கு மட்டும், அழுத்தாமல் இரண்டு மூன்று இழுப்பு போதும்.

முதலில் வாங்க வேண்டியது இருபக்கச் சாணைக்கல்: ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000. எண் கூடினால் கல் நயமாகும். ஸ்டீல் கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். ஏறக்குறைய 20 டிகிரி வரும். விளிம்பின் மறுபக்கத்தில் பெருவிரலைக் குறுக்காகத் தடவினால் மெல்லிய பிசிறு நெருடும். நுனி முதல் அடி வரை அது தட்டுப்பட்ட பிறகே கத்தியைத் திருப்பிப் போட வேண்டும்.

ஒட்டுக் கத்திக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் சரிவு. அந்தப் பக்கத்தை மட்டும் 1000-ல் தீட்டி, தட்டைப் பக்கத்தைக் கல்லோடு ஒட்டப் படுக்கவைத்துப் பிசிறை எடுங்கள். இடுக்கு ஷார்ப்னர் தட்டைப் பக்கத்திலும் சரிவு போட்டுக் கெடுத்துவிடும். சப்பட்டை ரக மாங்கன்றில் ஒட்டுக் கட்டும்போது வெட்டு வழவழப்பாக இருந்தால்தான் இரண்டு தண்டும் இடைவெளியின்றிப் பொருந்தும்; பட்டை நசுங்கினால் ஒட்டுப் பிடிக்காது.

அரிவாள் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. அதன் உள்வளைவில் தட்டைக் கல் உட்காராது. அரைவட்ட அரம் வாங்குங்கள். அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிடுங்கள். மோட்டார் சாணையில் கொடுத்தால் அலகில் நீலம் பாய்கிறதா என்று பாருங்கள். பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று, கூர் நிற்காது.

அரிவாள்மணையை அசையாமல் இருத்திவிட்டு, கல்லைக் கையில் பிடித்து அலகின் மேல் ஓட்டுங்கள். விரல் விளிம்புக்கு எதிரே வரக் கூடாது. பல் கத்திக்கு நுனி சிறுத்த வைரப்பொடிக் கம்பி வேண்டும்; சரிவுள்ள பக்கத்தில் பல் பல்லாகத் தீட்ட வேண்டும்.

ஆக, கல்லும் அரமும் இருந்தால் உங்கள் வீட்டு வேலையும் தோப்பு வேலையும் நடக்கும். பல் கத்தி மழுங்க நாளாகும். கம்பியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.