காற்றுக்கு வழி விடு, தம்பி

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்கு வந்துவிட்டாய். நல்லது. ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் சிலவற்றைக் காதில் போட்டுக்கொள்.

1. ஃபேன் குளிரைத் தராது. உள்ளிருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்த் தள்ளும், அவ்வளவுதான். அறையில் 38 டிகிரி என்றால் எந்த ஃபேனாலும் ப்ராசசரை அதற்குக் கீழே இறக்க முடியாது. மே மாதத்தில், "இன்னொரு ஃபேன் போட்டால் ஜில்லென்று ஆகிவிடுமா?" என்று கேட்பவரிடம் இதை மறைக்காமல் சொல். வியாபாரம் போனாலும் ஆள் போகமாட்டார்.

2. கழற்றுமுன் பார். ஃபேன் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் தெரிகிற பக்கமாகத்தான் காற்று வெளியேறும். சந்தேகமென்றால் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை அருகே பிடி. "வைரஸ் புகுந்துவிட்டது, ரொம்ப ஸ்லோ" என்று ஒருவர் புதுக் கம்ப்யூட்டரோடு வந்தார். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ப்ராசசர் கூலர் சூட்டைப் பின்பக்கம் தள்ள, பின்னால் இருந்த ஃபேன் அதை எதிர்த்து உள்ளே ஊதிக்கொண்டிருந்தது. சூடு 100 டிகிரியை நெருங்கியதும் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிட்டது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி ஃபேனைத் திருப்பி மாட்டினோம், சரியாகிவிட்டது. புது ஃபேன் என்று பில் போட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. நீ அப்படிப் போடாதே.

3. முன்னால் இழுக்கட்டும், பின்னாலும் மேலேயும் தள்ளட்டும். வரவு செலவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் குடும்பத்துக்கும் நல்லது, கேபினெட்டுக்கும் நல்லது. காற்று ஃபில்டர் வழியாக வரும். வரவு குறைந்தால் இடுக்கு இடுக்காகத் தூசியை உறிஞ்சும்.

4. தூசி தட்ட அலுத்துக்கொள்ளாதே. ஹீட்சிங்க் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே தூசி படலமாக அடைத்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணில் படும். சோம்பேறிக்குக் கடைசிவரை படாது. பேக்கரி பில்லிங் கம்ப்யூட்டரில் மாவும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து பிசுக்காக ஒட்டியிருக்கும். அதற்கு ப்ளோயர் போதாது, பிரஷ்ஷை எடு. ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

5. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இதில் வீரம் வேண்டாம்.

6. இரைச்சலைக் குளிர்ச்சி என்று நம்பாதே. 120 மில்லிமீட்டர் ஃபேன் நிதானமாகச் சுற்றித் தள்ளும் காற்றுக்கு, 80 மில்லிமீட்டர் ஃபேன் அலறிக்கொண்டு ஓட வேண்டும். நான்கு பின் ஃபேனாக இருந்தால் சூட்டுக்கு ஏற்றபடி மதர்போர்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அதை அதன் போக்கில் விடு.

7. வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வேலையென்றால், பெட்டியைத் திறப்பதற்கு முன் அது இருக்கும் இடத்தைப் பார். பாதிப் பேர் மேஜைக்கு அடியில் மரத்தடுப்புக்குள் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள். ஊதிய சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு சாண் முன்னால் நகர்த்தி, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார். சூடு இறங்கிவிட்டதா? நகர்த்தியதற்கெல்லாம் காசு வாங்காதே. டீ கொடுத்தால் குடித்துவிட்டு வா.