பத்துமலைக்கே உரிய பல்லி

பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது நம் மக்களிடையே பழைய வழக்கம். ஆனால், தோட்டத்து வீடுகளிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் ஒலியெழுப்பும் வீட்டுப்பல்லியைப் பற்றி நாம் இங்குக் கூற வரவில்லை. தைப்பூசத்தன்று கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சென்று நாம் ஏறும் பத்துமலையில், நம்மில் பெரும்பாலோர் கண்டிராத பல்லி ஒன்று வாழ்கிறது.

லீ கிரிஸ்மர் என்னும் அறிஞரின் தலைமையில் அமெரிக்க, மலேசிய ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் இதனைத் தனி இனமென அறிவித்தனர். சிர்டோடாக்டைலஸ் மெட்ரோபோலிஸ் என்பது இதன் அறிவியற்பெயர். முதற்சொல்லுக்கு 'வளைந்த விரல்' என்பது பொருள். மற்றது மாநகரைக் குறிக்கும். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டுவரும் தலத்தில், இவ்வுயிர் அத்தனை காலம் பெயரின்றி இருந்தது வியப்பே!

வீட்டுப்பல்லியின் விரல்கள் அகன்றவை. அவற்றின் அடியிலுள்ள மடிப்புகளில் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் உள்ளன. அவற்றால்தான் அது வழவழப்பான சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. வளைவிரல் பல்லிக்கு அவ்வமைப்பு இல்லை. மெலிந்து வளைந்த விரல்களின் நுனியிலுள்ள நகங்களைப் பாறையின் சொரசொரப்பில் ஊன்றியே அது ஏறுகிறது. பகலில் பிளவுகளில் பதுங்கியிருந்து, இரவில் பூச்சிகளைத் தேடி வெளிவரும். அதற்குக் கண்ணிமை கிடையாது. நாவினால் கண்ணை நக்கித் தூய்மை செய்துகொள்ளும். இவ்வகைப் பல்லிகள் பொதுவாக ஒரு முறைக்கு இரண்டு முட்டைகளே இடும்.

உலகில் வளைவிரல் பல்லியினங்கள் 300க்கும் மேல் உள்ளன. எனினும் இவ்வினம் பத்துமலையிலன்றி வேறெங்கும் அறியப்படவில்லை. இம்மலைக்கே உரிய முதுகெலும்புள்ள உயிர் இது ஒன்றே என்பது அவ்வாய்வாளர்களின் முடிவு. சுண்ணாம்புக்கல் குன்றின் குகைகளும் பிளவுகளுமே இதன் உலகம். குன்றைச் சுற்றிலும் இன்று சாலைகளும் வீடுகளும் தொழிற்கூடங்களும் சூழ்ந்துள்ளன. கடல்நடுத் தீவில் அகப்பட்டது போன்ற நிலை இது. இங்கு அழிந்தால், வேறிடத்திலிருந்து கொணர்ந்துவிட ஒன்றும் இராது.

முற்காலத்தில் இக்குன்றின் ஓரங்களில் கல்லுடைப்பும் நடைபெற்றது. அது நின்றுவிட்டபோதிலும், வெட்டுண்ட பாறை மீண்டும் வளரப்போவதில்லை. அடிவாரப் புதர்களுக்குத் தீயிடுவதால் பல்லியின் இரையாகிய பூச்சிகள் குறையும். படிகளின் ஓரத்தில் எறியப்படும் உணவுப்பொட்டலங்கள் எலிகளை அழைத்துவரும். எலிகளோ முட்டைகளையும் விட்டுவைப்பதில்லை. எனவே, வாசகர்கள் குப்பையைத் தொட்டியில் இடவேண்டும். குகைப் பல்லிகளைப் பிடித்து வீட்டிற்குக் கொண்டுவருதல் கூடாது. படிகளை ஒட்டியுள்ள இருட்குகை 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. தடுப்பைத் தாண்டி உள்ளே செல்லும் இளைஞர்களைப் பெற்றோர் தடுத்தல் வேண்டும்.

மாலை மங்கியபின் பாறையில் பல்லியொன்று தென்பட்டால், அதன் விரல்களைச் சற்றுத் தொலைவிலிருந்தே கவனியுங்கள். அவை அகன்றிருந்தால் நம் வீட்டுப்பல்லியின் உறவு. மெலிந்து வளைந்திருந்தால், அது இம்மலையின் குடியாக இருக்கக்கூடும். விளக்கொளியை அதன் கண்ணில் நெடுநேரம் பாய்ச்ச வேண்டாம்.