முதலாளிக்கும் 1,250, பையனுக்கும் 1,250

கேள்வி: தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். என் தொழில்வரி அரையாண்டுக்கு 1,250 ரூபாய். மாதம் 14,000 சம்பளம் வாங்கும் கடைப் பையனுக்கும் அதே 1,250-ஐப் பிடித்துக் கட்டச் சொல்கிறார்கள். வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்கினால் மாநகராட்சிக்கு என்ன நஷ்டம்?

— வாசகர், தி.நகர்

பதில்: நஷ்டம் ஒன்றுமில்லை, அதிகாரம்தான் இல்லை. அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவு குறுக்கே நிற்கிறது.

தொழிலுக்கும் உத்தியோகத்துக்கும் வரி போடுவது மாநிலத்தின் உரிமை. விவசாயம் தவிர்த்த வருமானத்துக்கு வரி போடுவது மத்திய அரசின் உரிமை. சம்பளத்தைப் பார்த்துத் தொழில்வரி போட்டால் அது கொல்லைப்புறமாக வந்த இன்னொரு வருமான வரிதானே என்ற வழக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே உண்டு. சாசனம் இரு தரப்பையும் சமாளித்தது. வரி செல்லும், ஆனால் ஓர் ஆளிடம் ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. 1988-ல் 60-வது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதோடு சரி. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரம்பு அங்கேயே நிற்கிறது.

இரண்டு அரையாண்டுக்கு 1,250 வீதம் கட்டினால் 2,500 முடிந்துவிடுகிறது. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினாலே இந்த உச்சப் படிதான். மாதக் கணக்கில் பன்னிரண்டரை ஆயிரம்! பாண்டி பஜார் சேல்ஸ்மேனும் போட் கிளப் பங்களாக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2024-ல் மாநகராட்சி வரியை உயர்த்தியபோதும் உச்சப் படியைத் தொட முடியவில்லை. அரையாண்டில் 21,000 முதல் 30,000 வரை சம்பாதிப்பவருக்கு 135 ரூபாய் 180 ஆனது. 45,000 முதல் 60,000 வரை உள்ளவருக்கு 690 ரூபாய் 930 ஆனது. மக்களைக் காக்க வைத்த வரம்பு, இப்போது பணக்காரரைத்தான் காக்கிறது என்பது என் கட்சி.

ஆண்டுக்கு 12,000 வரை வசூலிக்க வழிவிடலாம் என்று 14-வது நிதிக்குழு பரிந்துரைத்தது. அதற்கு நாடாளுமன்றம் சாசனத்தைத் திருத்த வேண்டும். அப்படி நடந்தால் ஏறப்போவது உங்கள் வரி. பையனுடையது தானாகக் குறைந்துவிடாது. அதைக் குறைக்க டெல்லி தேவையுமில்லை. உச்சப் படி எந்த வருமானத்தில் தொடங்குவது என்பது இங்கேயே முடிவாகும் விஷயம். ஆனால் கீழே விட்டுக்கொடுத்ததை மேலே வசூலித்துக்கொள்ள வழியில்லாதவரை, ரிப்பன் மாளிகை அதற்கு இறங்கி வருமென்று நான் நம்பவில்லை.