மாமரத்தின் மிதமிஞ்சிய வளர்ச்சியை அடக்குதல்

நெல் நாற்றுமேடையிற் சில நாற்றுகள் மற்றவற்றிலும் உயர்ந்து, மெலிந்து, வெளிறி நிற்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். அவை செழித்த நாற்றுகள் அல்ல. ஒருவகைப் பூஞ்சணத்தாற் பீடிக்கப்பட்டவை. யப்பானியர் இதனை 'முட்டாள் நாற்று' நோய் என்பர். அப்பூஞ்சணம் சுரக்கும் பொருளே நாற்றை நீளச்செய்கிறது என்பதை 1926 ஆம் ஆண்டிற் குறோசாவா என்னும் யப்பானிய அறிஞர் காட்டினார். பின்னர் ஜிபரெலின் எனப் பெயரிடப்பட்ட இப்பொருள், நோயற்ற தாவரங்களிலும் இயற்கையாகவே உண்டாகின்றது.

மாமரத்தில் இது மிகுந்திருக்குங்கால் மரம் தளிர்விட்டு நீளுமேயன்றி எளிதிற் பூக்காது. நெருக்கமாக நட்ட தோட்டங்களிற் கொப்புகள் பின்னி, வெயில் உள்ளே புகாமையாற் காய்ப்பும் குறையும். பக்லோபியூட்ரசோல் என்னும் வளர்ச்சி ஒழுங்காக்கி, மரத்தில் ஜிபரெலின் உண்டாவதைத் தடுக்கின்றது. அதனால் தளிர்கள் குறுகும். பூக்கும் தன்மை மிகும்.

இடும் முறை

1. காய்க்கத் தொடங்கிய, நோயற்ற மரங்களுக்கு மாத்திரம் இடுக. இளங்கன்றுகளுக்கும் வாடிய மரங்களுக்கும் இடலாகாது.

2. அறுவடையின் பின் மரத்தைக் கத்தரித்து, புதுத்தளிர் வந்தபின் இடுக.

3. கிளைகள் பரந்துள்ள அகலத்தை அளந்து, மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் செயற்படு பொருள் எனக் கணக்கிடுவது பொதுவழக்கு. இலீற்றருக்கு 250 கிராம் கொண்ட மருந்தாயின், 4 மீற்றர் அகலமுள்ள மரத்துக்கு 16 மில்லிலீற்றர் போதும். சிட்டையில் வேறு அளவு இருப்பின் அதனையே கைக்கொள்க.

4. மருந்தை நீரிற் கலந்து, அடிமரத்தைச் சுற்றி ஈரமண்ணில் ஊற்றுக. பெருமழை பெய்யும் நாட்களில் இடற்க.

பொதுவாக மூன்று நான்கு மாதங்களில் மரம் பூக்கும்.

எச்சரிக்கை

இம்மருந்து மண்ணிற் பல மாதங்கள் தங்கி நிற்கும். மரத்தடியில் மிளகாய், கத்தரி, தக்காளி முதலியவற்றை நட்டால் அவையும் குறுகிப் பயன்தராது போகலாம். ஆகவே மரக்கறி பயிரிடும் நிலத்தில் இதனை இடாதிருத்தல் நன்று. கருவிகளைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவற்க. மிகையாக இட்டால் மரம் கூனிக்குறுகி, பூங்கொத்துகள் இறுகி, சில ஆண்டுகள் வரை தேறாதிருத்தலும் உண்டு. இட்ட மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பல தோட்டங்களிற் கொப்புகளைக் காலத்தோடு கத்தரித்தலும், நைதரசன் பசளையைக் குறைத்தலுமே மரத்தை அடக்கப் போதியன. இவற்றை முதலிற் செய்து பார்க்க. அதன் பின்னரும் தேவையெனக் கண்டால், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன் மருந்தை இடுக.